காசைக் கரியாக்குகிறவர்கள்

தமிழில் வசவுகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஒரு மனிதனின் சந்தோஷத்தை ஒரே அடியில் வீழ்த்துவதற்கு நம் நடுத்தர வர்க்கத்துப் பெரியவர்கள் கண்டுபிடித்து வைத்திருக்கிற ஆயுதங்களில் மிகக் கூர்மையானது, 'காசைக் கரியாக்குகிறான்' என்பதுதான். இதைச் சொல்லிவிட்டால் அப்புறம் விசாரணை கிடையாது, தீர்ப்புத்தான். குடிக்கிறவனுக்கும் சூதாடுகிறவனுக்கும் மட்டுமல்ல. கடன் வாங்கி வீணை வாங்கியவனுக்கும், மொட்டை மாடியில் புறா வளர்க்கிறவனுக்கும், சம்பளத்தில் பாதியைப் புஸ்தகக் கடையில் கொடுத்துவிட்டு வெறும் பையோடு வீட்டுப் படியேறுகிறவனுக்கும் இதே வசவுதான்.

நான் இங்கே வக்காலத்து வாங்கப்போவது இந்த வசவுக்கு எழுத்துக்கு எழுத்து பொருத்தமான ஒரு கூட்டத்தாருக்காக. அவர்கள் நிஜமாகவே காசைக் கரியாக்குகிறார்கள். அமெரிக்காவில், வயது வந்த ஆண்களும் பெண்களும், பிழைப்புக்கு வேறு வேறு தொழில் செய்கிறவர்கள், மாலை நேரங்களில் வீட்டுக் கார் கொட்டகையில் உட்கார்ந்து ஆள் உயரத்துக்கு, சில சமயம் இரண்டு ஆள் உயரத்துக்கு, ராக்கெட் செய்கிறார்கள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை அதை அறுவடையான வயலுக்கோ பாலைவனத்துக்கோ எடுத்துப்போய் ஒரு மைல், இரண்டு மைல் உயரம் விடுகிறார்கள். அது பாராசூட்டில் இறங்கி வந்ததும் தேடிப் பொறுக்கிக்கொண்டு வீடு திரும்புகிறார்கள். அவ்வளவுதான். இதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. ஒரு செய்தி கிடைப்பதில்லை, ஒரு பொருள் விற்பனைக்கு வருவதில்லை. மோட்டாருக்குள் இருந்த மருந்து சில வினாடிகளில் புகையாகிப் போயிருக்கும். அது மட்டும் நிச்சயம்.

இதைப் பற்றி நான் பேச்செடுத்த இடங்களிலெல்லாம் எனக்கு இரண்டு விதமான மனிதர்கள் எதிர்ப்பட்டார்கள். ஒருவர் இதைக் கேட்டுச் சிரிப்பவர். மற்றவர் இதை ஆதரிப்பவர். சிரிப்பவரை விட ஆதரிப்பவர் மீதுதான் எனக்குக் கோபம் அதிகம். ஏன் என்று பிற்பாடு சொல்கிறேன்.

முதலில் விஷயத்தைச் சற்று விளங்கிக்கொள்வோம். நமக்கு ராக்கெட் என்றால் தீபாவளி ராக்கெட்: பாட்டிலில் செருகி, திரியைக் கொளுத்திவிட்டு ஓடுவது, வால் குச்சியோடு எவர் வீட்டுக் கூரைக்குள்ளோ போய் நுழைவது. அதை விட்டவனுக்கு அதன்பின் அதோடு சம்பந்தம் கிடையாது. நான் சொல்கிற ராக்கெட்டின் இலட்சணம் அது திரும்பி வரவேண்டும் என்பது. 1954-ல் நெப்ராஸ்கா மாநிலத்தில் நார்ஃபோக் என்ற ஊரில் செருப்புக் கடை வைத்திருந்த ஆர்வில் கார்லைல் என்பவர், விமான மாதிரிகள் செய்வதில் பித்துக்கொண்ட தம் சகோதரர் ராபர்ட்டுக்காகக் காகிதக் குழாயில் ஒரு சிறு ராக்கெட் செய்தார். உச்சிக்குப் போனதும் மோட்டாருக்குள் இருக்கும் இன்னொரு சிட்டிகை மருந்து பற்றி, மூக்கைத் தள்ளி, உள்ளே மடித்து வைத்த பாராசூட்டை வெளியே எறியும். ராக்கெட் பத்திரமாக இறங்கும். காலியான மோட்டாரை எடுத்து எறிந்துவிட்டுப் புதிதாக ஒன்றைச் செருகினால் மறுபடி பறக்கும். செருப்புக் கடைக்காரர் கண்டுபிடித்தது இவ்வளவுதான். ஆனால் இந்த 'இவ்வளவுதான்' எத்தனை பிள்ளைகளின் கைவிரல்களைக் காப்பாற்றியது என்பதற்குக் கணக்கு இல்லை.

ஏனென்றால் 1957 அக்டோபரில் ரஷ்யாக்காரர்கள் ஸ்புட்னிக்கை விட்டார்கள். அமெரிக்காவில் பையன்களுக்கெல்லாம் ராக்கெட் பைத்தியம் பிடித்தது. வீட்டு நிலவறையில் இரும்புக் குழாயில் கைக்குக் கிடைத்த இரசாயனத்தை இடித்து நிரப்பினார்கள். அது ராக்கெட் இல்லை, வெடிகுண்டு. பலருக்குக் கை போயிற்று, சிலருக்கு உயிரே போயிற்று. அதற்குச் சில மாதங்கள் முன்புதான் கார்லைல் தம் ராக்கெட்டுகளை ஹாரி ஸ்டைன் என்பவருக்குத் தபாலில் அனுப்பியிருந்தார். ஸ்டைன் ஒயிட் ஸாண்ட்ஸ் ஏவுதளத்தில் வேலை பார்த்தவர். நிஜ ராக்கெட் எப்படிக் கொல்லும் என்று தெரிந்தவர். இதில் இருக்கிற புத்திசாலித்தனம் அவருக்கு உடனே புரிந்தது. மருந்து கலக்கிற வேலையைத் தொழிற்சாலை செய்யட்டும், மற்ற அத்தனையையும் பையன் செய்யட்டும். அந்த 1957-லேயே ஒரு கம்பெனியும் ஒரு தேசியச் சங்கமும் ஏற்பட்டன. கொலராடோவில் வாணவேடிக்கைத் தொழில் செய்த குடும்பத்தைச் சேர்ந்த வெர்ன் எஸ்டஸ், சில வினாடிக்கு ஒரு மோட்டார் வீதம் அழுத்தித் தள்ளும் யந்திரம் ஒன்றைச் செய்து அதற்கு மேபல் என்று பெயர் வைத்தார். இன்றுவரை அமெரிக்கக் குழந்தைகள் பள்ளிக்கூட மைதானத்தில் விடுவது அந்த வம்சத்து ராக்கெட்டுகளைத்தான்.

அந்தக் குழந்தைகளில் சிலர் வளர்ந்த பிறகும் விட மறுத்தார்கள். இங்கேதான் நம் கதை ஆரம்பமாகிறது.

மோட்டார்களுக்கு ஆங்கில எழுத்துக்களால் பெயர். ஏ என்றால் அதிகபட்சம் 2.5 நியூட்டன்-வினாடி உந்துவிசை. பி என்றால் 5. ஸி என்றால் 10. ஒவ்வோர் எழுத்துக்கும் அதற்கு முந்தியதைப் போல இரு மடங்கு. சதுரங்கக் கட்டத்துக்குக் கட்டம் நெல்லை இரட்டிப்பாக்கக் கேட்டு ராஜாவைப் போண்டியாக்கிய கதை நமக்குத் தெரியும். இது அதே கணக்கு. ஏழாவது எழுத்தான ஜி-யில் 160. எட்டாவது எழுத்தான எச்-சிலிருந்து 'அதிசக்தி ராக்கெட்' என்று பெயர். எம் வகுப்பில் 10,240. ஓ வகுப்பில் 40,960. அதாவது குழந்தை விடுகிற ஏ மோட்டாரைப் போலப் பதினாறாயிரம் மடங்குக்கு மேல். மருந்தும் பழைய கருமருந்து அல்ல. அம்மோனியம் பெர்குளோரேட் என்கிற உப்பு, அலுமினியப் பொடி, இரண்டையும் பிணைக்கிற ஒரு ரப்பர். தொட்டால் பென்சில் அழிக்கிற ரப்பர்க் கட்டி போல இருக்கும். 2011-ல் ஓய்வு பெற்ற விண்வெளி ஓடத்தின் இரு பக்கத்திலும் இருந்த பிரம்மாண்டமான குழாய்களில் எரிந்ததும் இந்தச் சாதிதான்.

பதினெட்டு வயது நிறையாதவனுக்கு இதில் முழுத் தகுதிப் பத்திரம் கிடையாது. முதல் படியில் எச், ஐ மட்டும். இரண்டாவது படியில் ஜே, கே, எல். அதற்கு எழுத்துப் பரீட்சை உண்டு. மூன்றாம் படியான எம் முதல் ஓ வரைக்கும், ராக்கெட் செய்யத் தொடங்குமுன்பே வரைபடங்களையும் கணக்குகளையும் சங்கத்து மூத்தவர்கள் இருவரிடம் கொடுத்து அவர்களை ஒப்புக்கொள்ள வைக்க வேண்டும். இதற்கெல்லாம் மேலாக, ராக்கெட் போனால் போதாது. மறுபடியும் பறக்கக்கூடிய நிலையில் திரும்பி வரவேண்டும். வரவில்லையென்றால் தேறவில்லை. நம் நாட்டில் எந்தப் பட்டத்துக்கும் இப்படி ஒரு பரீட்சை வைத்ததாகத் தெரியவில்லை. மேலே போனதோடு எல்லாருக்கும் பட்டம் கொடுத்து விடுகிறோம்.

இனி ஆதரிப்பவரிடம் வருகிறேன். "இவர்கள்தானே ஐயா நாளைய விஞ்ஞானிகள்!" என்பார் அவர். உடனே ஹோமர் ஹிக்கம் கதையைச் சொல்வார். மேற்கு வர்ஜீனியாவில் கோல்வுட் என்ற நிலக்கரிச் சுரங்க ஊர். சுரங்க மேற்பார்வையாளரின் மகன். ஸ்புட்னிக்கைப் பார்த்துவிட்டு நண்பர்களோடு சேர்ந்து ராக்கெட் செய்தான். ஊரார் சிரித்தார்கள், ஒரு பள்ளி ஆசிரியை மட்டும் சிரிக்கவில்லை. 1960-ல் தேசிய விஞ்ஞானக் கண்காட்சியில் பரிசு. பிறகு நாஸாவில் உத்தியோகம். அவரே எழுதிய அந்தக் கதை 1998-ல் புஸ்தகமாகி, மறு வருஷம் சினிமாவும் ஆயிற்று. நல்ல கதை, நானும் கண் கலங்கினேன். ஆனால் இந்தக் கதையைச் சாட்சிக்கு அழைக்கிறவர் என்ன சொல்கிறார் என்று கவனிக்க வேண்டும். ராக்கெட் விட்டதைத் தாம் மன்னித்துவிட்டதாகச் சொல்கிறார். எதற்காக? உத்தியோகம் கிடைத்ததற்காக! நாஸா வேலை கிடைக்காமல் அந்தப் பையன் சுரங்கத்துக்குள்ளேயே இறங்கியிருந்தால் அவன் விட்ட ராக்கெட்டெல்லாம் கரியாக்கிய காசு, கிடைத்துவிட்டதால் முதலீடு! இவருக்கும் சிரிப்பவருக்கும் என்ன வித்தியாசம்? சிரிப்பவர் பைசா கணக்குப் பார்க்கிறார், இவர் வட்டியோடு பார்க்கிறார்.

எனக்கு வேண்டியது வேறு சாட்சி. ஒஹையோ மாநிலத்தில் ஸ்டீவ் ஈவ்ஸ் என்றொருவர். அடிபட்ட கார்களைத் தட்டி நிமிர்த்தி வர்ணம் அடிப்பது தொழில். சந்திரனுக்கு மனிதனைக் கொண்டுபோன ஸாட்டர்ன் ராக்கெட்டைப் பத்தில் ஒரு பங்காகச் செய்வது என்று கிளம்பினார். நிஜ ஸாட்டர்ன் 363 அடி. ஆகையால் இவருடையது 36 அடி. நம் மூன்று மாடி வீட்டை விட உயரம்! எடை 1,648 ராத்தல். ஒன்பது மோட்டார்கள். 2009 ஏப்ரல் 25-ந்தேதி மேரிலாண்ட் மாநிலத்தில் பிரைஸ் என்ற இடத்தில் ஒரு வயலிலிருந்து அதை விட்டார். ஏறக்குறைய 4,440 அடி உயரம் போயிற்று. பிரிந்து, பாராசூட்டுகள் விரிந்து, இறங்கி நின்றது.

இவர் விஞ்ஞானியாகப் போகிறவரல்ல. நிஜ ஸாட்டர்ன் சந்திரனுக்குப் போய் நாற்பது வருஷம் ஆகிவிட்டது. இதைப் பறக்கவிட்டு மனித குலம் புதிதாக ஒன்றும் தெரிந்துகொள்ளவில்லை. திங்கட்கிழமை அவர் பழையபடி வர்ணம் அடிக்கப் போயிருப்பார். பிரயோஜனம் என்ற தராசில் வைத்தால் தட்டு அசையவே அசையாது. இந்த மனிதருக்காகத்தான் நான் பேசுகிறேன். இவருக்காகப் பேச முடியாத வக்கீல் ஹிக்கமுக்காகவும் பேச வேண்டாம்.

கதை எழுதுகிறவன் என்பதால் எனக்கு இதில் சொந்த அக்கறை உண்டு என்று வாசகர்கள் சந்தேகிக்கலாம். சந்தேகம் சரிதான். "இந்தக் கதையால் சமூகத்துக்கு என்ன லாபம்?" என்று கேட்டு எனக்கும் கடிதங்கள் வருகின்றன. சிலர் என் சார்பில் அவற்றுக்குப் பதில் எழுதுகிறார்கள்: கதைகள் வாசகனைப் பண்படுத்துகின்றன, மொழியை வளர்க்கின்றன, இத்யாதி. இந்த உபகாரத்துக்கு நான் நன்றி சொல்வதில்லை. ஒரு நாற்காலியின் கால் ஆடாமல் நிற்பதில் தச்சனுக்கு ஏற்படுகிற திருப்தி, கூலிக்கு அப்பாற்பட்டது. கூலியே இல்லாத இடத்தில் அந்தத் திருப்தி மட்டும் தனியாக நிற்கும்போது, அதைப் பார்த்து நமக்கு ஏன் இத்தனை எரிச்சல் வருகிறது என்பதே என் கேள்வி.

அடுத்த ஆட்சேபம் அபாயம். இதற்கு நான் மழுப்பப் போவதில்லை. பத்துப் பன்னிரண்டு ராத்தல் எடையுள்ள குழாய் ஒன்று இரண்டு மைல் உயரத்திலிருந்து பாராசூட் விரியாமல் மூக்குக் கீழாக வந்தால், கீழே நிற்கிறவன் கதி என்ன என்பதற்குக் கணிதம் தேவையில்லை. காய்ந்த புல்லில் பொறி விழுந்தால் வயல் பற்றும். மோட்டார் மேடையிலேயே வெடிப்பதும் உண்டு. இவர்களே இவற்றுக்கெல்லாம் செல்லப் பெயர் வைத்திருக்கிறார்கள். மூக்குக் குத்தி விழுவதற்குப் 'புல்தரை ஈட்டி' என்று பெயர். தங்கள் வருடாந்தர விழா ஒன்றுக்குப் 'பெரிய அபாயகரமான ராக்கெட் கப்பல்கள்' என்றே 1982-ல் பெயர் சூட்டினார்கள். வேடிக்கைக்கு வைத்த பெயர்தான். ஆனால் பிற்பாடு சர்க்கார் வக்கீல்களோடு மல்லுக்கு நிற்கப் போகிறவர்கள் தங்கள் திருவிழாவுக்கு இப்படி ஒரு பெயர் வைத்தது எனக்குச் சமர்த்தாகப் படவில்லை.

அபாயம் உண்டு, சரி. அதை எப்படி நடத்துகிறார்கள் என்பதல்லவா பார்க்க வேண்டியது? சில வருஷங்களுக்கு முன் என் தமக்கை மகள் வீட்டுக்கு மேரிலாண்ட் போயிருந்தபோது, மாப்பிள்ளை என்னை ஒரு சனிக்கிழமை அழைத்துப் போனார். சோளத் தட்டை வெட்டிய பெரிய வயல். நல்ல குளிர். ஒரு கயிறு கட்டி, அதற்கு இப்பால்தான் மனிதர்கள் நிற்கலாம். அப்பால் தூரத்தில் ஏவுகம்பங்கள். எச் வகுப்புக் கம்பம் 100 அடியில். எம் வகுப்பானால் 500 அடி. ஓ ஆனால் 1,500. மேஜையில் ஒரு பாதுகாப்பு அதிகாரி. அதிகாரி என்றால் சம்பளக்காரர் அல்ல, அவர்களில் ஒருவர். ஒவ்வொரு ராக்கெட்டையும் கையில் வாங்கி, வால் துடுப்பை அசைத்துப் பார்த்து, பாராசூட் கயிற்றை இழுத்துப் பார்த்து, "கனத்தின் மையம் எங்கே? அழுத்தத்தின் மையம் எங்கே?" என்று கேட்கிறார். கனத்தின் மையம் முன்னால், காற்று அழுத்தத்தின் மையம் பின்னால், இரண்டுக்கும் இடையே குறைந்தது குழாயின் ஒரு விட்டமாவது தூரம். இல்லையென்றால் ராக்கெட் நேரே போகாது. இந்தக் கணக்கைச் சாமானியனும் போடும்படி செய்தவர் ஜேம்ஸ் பாரோமன். நாஸாவில் வேலை பார்த்துக்கொண்டே, 1966-ல், இந்தப் பொழுதுபோக்குக்காரர்களுக்கென்று எழுதிக் கொடுத்தார். பதில் சொல்லத் தெரியாதவன் ராக்கெட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். மணிக்கு 20 மைலுக்கு மேல் காற்றடித்தால் யாரும் விடக்கூடாது. மேகத்துக்குள் விடக்கூடாது. விமான இலாகாவிடம் இன்ன நேரத்தில் இன்ன உயரம் வரை என்று முன்கூட்டியே அனுமதி வாங்கியிருக்க வேண்டும்.

அன்று இரண்டாவது படிக்குப் பரீட்சை எழுதித் தேறிய ஒருவர், ஜே மோட்டார் ராக்கெட்டோடு வந்திருந்தார். குழாய் ரிப்பேர் தொழில் செய்கிறவர் என்று மாப்பிள்ளை விசாரித்துச் சொன்னார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். நான்கு மாதமாகச் செய்தாராம். ஃபைபர் கிளாஸ் குழாய், உள்ளே பிளைவுட் வளையங்கள், எபாக்ஸி பசை. பசை பூசிய இடத்தில் ஒரு விரல் தடங்கூட இல்லாமல் வழவழவென்று இழைத்திருந்தார். நடுவில் ஒரு சின்ன உயரமானி. காற்றழுத்தத்தைக் கொண்டு உச்சி எது என்று அது தெரிந்துகொள்ளும். உச்சியில் சின்னப் பாராசூட், தரைக்குச் சில நூறு அடி இருக்கும்போது பெரிய பாராசூட். அப்படிச் செய்தால்தான் ராக்கெட் காற்றோடு அடுத்த ஜில்லாவுக்குப் போகாது.

ஒலிபெருக்கியில் ஐந்து, நாலு, மூன்று என்று எண்ணினார்கள். முதலில் நெருப்பும் புகையும். ராக்கெட் கம்பத்தில் இல்லை. அப்புறம்தான் சத்தம் வந்தது, புதுக் காடாத் துணியை ஒரே இழுப்பாகக் கிழிப்பதுபோல. எல்லாரும் அண்ணாந்து பார்த்தோம். வெள்ளைப் புகைக்கோடு முடிந்த இடத்துக்கும் மேலே, ஒரு புள்ளி. பாராசூட் வரவில்லை. ஒலிபெருக்கி ஒரே குரலில், "எல்லாரும் மேலே பாருங்கள், எல்லாரும் மேலே பாருங்கள்" என்றது. கயிற்றோரம் நின்ற அத்தனை பேரும் கையை நீட்டி அந்தப் புள்ளியைச் சுட்டினார்கள். தெரியாதவனுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக. புள்ளி குழாயாயிற்று. வயலின் மறுகோடியில் 'தொம்' என்று ஒரு சத்தம்.

யாரும் சிரிக்கவில்லை. அவருக்கு ஆறுதலும் சொல்லவில்லை. மூன்று பேர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அவரோடு நடந்தார்கள். அரை மணி கழித்துத் திரும்பினார். நான்கு மாத வேலை கை அகலத்துக்கு நசுங்கிப் போயிருந்தது. உயரமானிக்குப் போகிற மின்கலக் கம்பி கழன்றிருந்ததைக் கண்டுபிடித்திருந்தார். நேரே மேஜைக்குப் போய், தாம் கொடுத்திருந்த தகுதிப் படிவத்தைத் தாமே கேட்டு வாங்கி, 'தேறவில்லை' என்ற இடத்தில் குறிக்கச் சொன்னார். அதிகாரி குறித்தார். மூக்குக் கூம்பு மட்டும் சேதமில்லாமல் தப்பியிருந்தது. அதைத் துடைத்துத் தனியாகக் காரில் வைத்துக்கொண்டார். எப்போது அடுத்த முறை என்று மாப்பிள்ளை கேட்டதற்கு, "வசந்தத்தில், மூக்கு ஏற்கெனவே தயாராகி விட்டதே!" என்றார்.

சம்பளம் வாங்குகிற எத்தனை எஞ்சினீயர்கள், இடிந்து விழுந்த தங்கள் பாலத்தருகே இப்படி நின்றிருக்கிறார்கள்?

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். 2020 பிப்ரவரியில் கலிபோர்னியாவில் பார்ஸ்டோ அருகே மைக் ஹியூஸ் என்பவர் தாமே செய்த நீராவி ராக்கெட்டில் தாமே ஏறிப் பறந்து, பாராசூட் புறப்படும்போதே பிய்ந்துபோய், விழுந்து இறந்தார். அதைக் காட்டி இவர்களை ஏசுகிறவர்கள் இருக்கிறார்கள். தன் உயிரைப் பணயம் வைக்கிற சாகசக்காரர் வேறு; உயிருள்ள எதையும் ராக்கெட்டுக்கு 500 அடிக்கு இப்பால் நிறுத்துகிறவர்கள் வேறு. கழைக்கூத்தாடி விழுந்ததற்குத் தச்சனைத் தண்டிக்கலாமா?

அந்தரிக்ஷம் வரை போகிறவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. முன்னாளில் ஹாலிவுட்டில் சாகசக் காட்சிகளில் நடித்த கை மைக்கேல்ஸன் சேர்த்த குழு, 2000-த்திலும் 2002-லும் தோற்றபின், 2004 மே 17-ந்தேதி நெவாடாவின் பிளாக் ராக் பாலைவனத்திலிருந்து ஏறக்குறைய 72 மைல் உயரத்துக்கு ஒரு ராக்கெட்டை அனுப்பியது. சர்க்காரோ பெரிய கம்பெனியோ சேராமல் அந்தரிக்ஷத்தைத் தொட்ட முதல் ராக்கெட் அது. 2019-ல் தென் கலிபோர்னியா சர்வகலாசாலை மாணவர்கள் 3,39,800 அடி. 2024 அக்டோபரில் அவர்களே 4,70,000 அடி. பத்திரிகைகள் இவர்களை மட்டுமே எழுதுகின்றன. இவர்களைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் இது மெல்ல மெல்லப் பந்தயமாகி, பந்தயம் உத்தியோகமாகி, நாம் முதலில் பார்த்த 'நாளைய விஞ்ஞானி'யில் வந்து முடிகிறது. மேரிலாண்டுக் குழாய்க்காரரின் மூக்குக் கூம்பைப் பற்றி எந்தப் பத்திரிகையும் எழுதாது.

என்னால் மறுக்க முடியாத ஆட்சேபம் ஒன்றும் உண்டு. அந்தப் பெர்குளோரேட் எரிந்தால் புகையில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் வருகிறது. சனிக்கிழமைக்கு ஒரு வயலில் வருவது கொஞ்சந்தான், காற்றில் கலைந்துவிடும் என்று சொல்லலாம். அதற்காக அது பன்னீர் ஆகிவிடாது. இதைப் பற்றி யாராவது சண்டைக்கு வந்தால் நான் கேட்டுக்கொள்வேன். ஆனால் சர்க்கார் சண்டைக்கு வந்தது இதற்காக அல்ல.

அந்த நாட்டில் மதுபானம், புகையிலை, துப்பாக்கி மூன்றையும் கட்டி மேய்க்கிற ஓர் இலாகா உண்டு. (2003-ல் அதன் பெயரோடு வெடிபொருளும் சேர்ந்துகொண்டது.) இந்த இலாகாவின் ஜாபிதாவில் அந்த ரப்பர்க் கட்டி மருந்து 'வெடிபொருள்' என்று இருந்தது. அதைச் சொல்லி, பொழுதுபோக்குக்காரன் லைசென்ஸ் எடு, அதற்கென்று தனிக் கிடங்கு கட்டு என்று நெருக்கியது. நாட்டின் இரண்டு ராக்கெட் சங்கங்களும் சேர்ந்து 2000 பிப்ரவரியில் வழக்குப் போட்டன. அவர்கள் வாதம் ரொம்ப எளிமையானது: இது வெடிப்பதில்லை, எரிகிறது. டைனமைட் வெடிக்கும்போது அந்த அலை வினாடிக்கு ஆயிரக்கணக்கான மீட்டர் ஓடுகிறது. இந்த ரப்பரில் நெருப்பு மில்லிமீட்டர் கணக்கில் நகர்கிறது. எரிவதையெல்லாம் வெடிபொருள் என்றால் அடுப்புக்கரியையும் ஜாபிதாவில் சேர்க்க வேண்டியதுதானே?

வழக்கு நடக்கும்போதே 2001 செப்டம்பர் வந்தது. 2002-ல் புதுச் சட்டம் போட்டார்கள். வெடிபொருள் வாங்குகிறவன் கைரேகை கொடுக்க வேண்டும், புகைப்படம் கொடுக்க வேண்டும். வயோமிங் மாநிலத்து ஸெனட்டர் மைக் என்ஸி, ராக்கெட் விடுகிறவர்களுக்கு விலக்குக் கேட்டு 2003-ல் ஒரு மசோதா கொண்டுவந்தார். பயங்கரவாதி இதை ஆயுதமாக்கிவிடுவான் என்று சொல்லி எதிர்த்தார்கள், மசோதா சட்டமாகவில்லை. இந்தப் பயத்தைப் பற்றி என்ன சொல்ல! இந்த ராக்கெட்டுக்குக் குறி பார்க்கிற மூளை கிடையாது. செங்குத்தாக மேலே போகும். கீழே வரும்போது காற்று எங்கே இழுக்கிறதோ அங்கே விழும். அது எங்கே விழுந்தது என்று தெரியாமல், செய்தவனே பைனாகுலரை மாட்டிக்கொண்டு ஊரான் சோளக்கொல்லையில் இரண்டு மணி நேரம் சுற்றிக்கொண்டிருப்பதை நான் பார்த்தேன். அவனுக்கே அகப்படாதது பயங்கரவாதிக்கு எப்படி உதவும்?

2006 பிப்ரவரியில் மேல் கோர்ட்டு, இலாகா சொல்கிற காரணம் ஒன்றுக்கொன்று ஒட்டவில்லை, எவ்வளவு வேகமாக எரிந்தால் வெடிபொருள் என்பதற்கு ஓர் அளவாவது சொல், என்று திருப்பி அனுப்பியது. அதன் பிறகும் இலாகா விடவில்லை. மறுபடி காரணம் எழுதியது. 2009 மார்ச் 16-ந்தேதிதான் நீதிபதி ரெஜி வால்ட்டன் அந்த மருந்தை வெடிபொருள் என்று வகைப்படுத்தியதை ரத்து செய்தார். ஒன்பது வருஷம்! வர்ணம் அடிக்கிறவரும் குழாய்க்காரரும் போன்றவர்கள் சந்தா கட்டுகிற சங்கங்கள், ஒரு சர்க்கார் இலாகாவைப் பார்த்து, "காரணம் சொல்" என்ற ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டு ஒன்பது வருஷம் நின்றன. விளையாட்டுச் சாமானுக்காக இத்தனை பிடிவாதமா என்று கேட்பவர்கள், எதற்காகப் பிடிவாதம் பிடித்தார்கள் என்பதைக் கவனிக்கவில்லை. விமான இலாகாவின் அனுமதியை எதிர்த்து அவர்கள் கோர்ட்டுக்குப் போகவில்லை. ஆகாயத்தில் விமானம் பறக்கிறது, அது அவர்களுக்குத் தெரியும். காற்று விதியையும் மேக விதியையும் எழுதியவர்களே அவர்கள்தான். காரணமுள்ள விதியைத் தாங்களே தங்கள் தலையில் ஏற்றிக்கொண்டு, காரணமில்லாத ஒன்றுக்கு மட்டும் தலை வணங்க மறுத்தார்கள்.

அந்தத் தீர்ப்பு வந்து ஆறாவது வாரத்தில்தான் ஈவ்ஸின் ஸாட்டர்ன் பறந்தது. சங்கங்களின் பாதுகாப்பு விதிப் பட்டியல் இன்றைக்கும் இருக்கிறது. எம் வகுப்பு மோட்டாரைக் கொளுத்துகிறவன் அன்றைக்கு நின்ற தூரம் 500 அடி. இன்றைக்கும் 500 அடிதான்.